எச்சரிக்கை வந்தது, அலை வரவில்லை: பதின்ம வயதுப் பதகளிப்பு எப்படி வேலை செய்கிறது

காலை ஆறேகால். வெள்ளைச் சீருடை அயன் பண்ணித் தொங்குகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வயிற்றைப் பிடித்தபடி கட்டில் விளிம்பில் குந்தியிருக்கிறாள். "அம்மா, வயித்துக்குள்ள என்னவோ செய்யுது." நேற்றும் இதே கதைதான். "பிள்ளைக்கு நாவூறு" என்கிறார் அம்மம்மா. "பள்ளிக்கூடக் கள்ளம்" என்கிறார் அப்பா. கடைசியில் அம்மா, "சரி, இண்டைக்கு நில்லு" என்று விட்டுவிடுகிறார். எட்டு மணிக்கு வலி இல்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் இப்போது அத்தாட்சி கிடைத்துவிட்டது: நடிப்பு.

அது நடிப்பு இல்லை. வலி உண்மையாகவே இருந்தது, எட்டு மணிக்கு உண்மையாகவே போனது. அப்படிப் போனதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அது ஏன் என்று விளங்கிக்கொண்டால் பிள்ளைக்கு என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

முதலில் சொற்களைப் பிரித்து வைப்போம்

"டென்சன்", "ஸ்ட்ரெஸ்", "டிப்ரசன்", "பயம்" எல்லாவற்றையும் ஊரில் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம். நான்கும் நான்கு விஷயம்.

பற்றைக்குள்ளிருந்து பாம்பு ஒன்று காலடிக்கு முன்னால் வந்தால் வருவது பயம். ஆபத்து கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதே பாதையில் "பாம்பு இருந்தாலும் இருக்கும்" என்று நெஞ்சு அடிக்க நடந்தால் அது பதகளிப்பு. ஆபத்து இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம், ஆனால் உடம்பும் மனமும் வந்துவிட்டதுபோல ஆயத்தமாகி நிற்கின்றன. நெருக்கீடு என்பது வெளியிலிருந்து ஏறும் சுமை: பரீட்சை, கடன், வீட்டுச் சண்டை. சுமை இறங்கினால் அதுவும் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு வேறு. அது "என்ன நடக்குமோ" என்று கேட்காது, "என்ன நடந்தாலும் என்ன" என்று சொல்லும். பதகளிப்பும் மனச்சோர்வும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வரலாம் என்பதும் உண்மை.

பதகளிப்பு தன்னளவில் நோய் இல்லை. பரீட்சைக்கு முதல்நாள் கொஞ்சம் பதகளித்தால்தான் கொப்பியைத் திறப்போம். துளியும் இல்லாவிட்டால் வேலை நடக்காது, அளவு மீறினாலும் நடக்காது. நடுவில் ஒரு நல்ல அளவு இருக்கிறது.

இரண்டு நாட்கள், ஒரு பாடம்

2004 டிசம்பர் 26 காலை எங்கள் திருகோணமலைக் கரைக்குக் கடல் ஏறியபோது முன்கூட்டி ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. இந்தத் தடவை எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனத்தை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் அழிக்கிற அலை வரவில்லை. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் கடலடி பெரிதாக உயரவில்லை.

அந்த எச்சரிக்கை பிழையா? இல்லை. எச்சரிக்கை அமைப்பின் கணக்கே வேறு. பத்துத் தடவை வீணாக அடிக்கலாம், ஒரு தடவை அடிக்காமல் விட முடியாது. மூளைக்குள் இருக்கும் எச்சரிக்கை மணியும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. பதகளிப்புள்ள பிள்ளையின் மணி பழுதாகிவிடவில்லை. அது அளவுக்கு மேல் கூர்மையாகி, சின்ன அதிர்வுக்கும் முழு ஊரையும் மேட்டுக்கு ஓடச் சொல்கிறது. வகுப்பில் எழுந்து வாசி என்று ரீச்சர் சொல்வதும், பஸ்ஸில் நெரிசலும் அதற்கு 8.6தான்.

மணி அடிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு அது வெறும் மணி என்று தெரியாது. அலை வருகிறது என்றே உடம்பு நம்புகிறது. ஆகவே "சும்மா பயப்பிடாத" என்ற சொல், 2012 இல் மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தவரை மறித்து "ஒண்டும் வராது, இரு" என்று சொல்வதற்குச் சமம். யார் இருப்பார்?

உடம்புக்குள் நடப்பது

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு பகுதி உண்டு. அதன் பெயர் அமிக்டலா. மணி அடிப்பதில் முக்கிய பங்கு அதற்கு. அது அடித்தவுடன் சிறுநீரகங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. அட்ரினலின் என்பது "ஓடு அல்லது எதிர்த்து நில்" என்று உடம்பை ஆயத்தப்படுத்தும் சுரப்பு.

இனிப் பிள்ளை சொல்லும் ஒவ்வொரு முறைப்பாட்டையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெஞ்சு படபடப்பு: கால் தசைகளுக்கு இரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுவலி, ஓங்காளம்: ஓட வேண்டிய நேரத்தில் சமிபாடு தேவையில்லை என்று இரத்தம் வயிற்றை விட்டு வெளியேறுகிறது, குடல் இறுகுகிறது. அடிக்கடி சலம் முட்டுவதும் இதே ஆயத்தத்தின் பகுதி. வியர்ப்பது உடம்பைக் குளிர்விக்க. கை நடுங்குவது பயன்படாத தசைச் சக்தி.

தலைசுற்றும் விரல் நுனி விறைப்பும் கொஞ்சம் வேறு கதை, இது பலருக்குத் தெரியாது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. ஓடினால் அந்த மூச்சு செலவாகும். ஆனால் பிள்ளை கதிரையில் இருக்கிறாள். தேவைக்கு மேல் மூச்சை வெளியே விடுவதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. அது குறையும்போது மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் ஒடுங்குகின்றன, தலை லேசாகிறது, விரலிலும் உதட்டோரத்திலும் ஊசி குத்துவதுபோல இருக்கிறது. "மூச்சு எடுக்க முடியேல்ல" என்று பிள்ளை சொல்லும் நேரத்தில் உண்மையில் அவள் அளவுக்கு அதிகமாக மூச்சு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இவை எல்லாம் சில நிமிடங்களில் ஒன்றாகத் திரண்டு, "செத்துப்போகப் போறன்" என்ற நினைப்போடு வந்தால் அதற்குப் பீதித் தாக்கம் என்று பெயர். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக வடியும். பயங்கரமாக இருக்கும், ஆனால் பீதித் தாக்கம் தானாக உயிரை எடுக்காது. அதற்காக முதல் தடவை நெஞ்சுவலியோடு வரும் பிள்ளையை வீட்டில் வைத்து "இது பீதி" என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். ஒரு தடவை வைத்தியர் பார்க்கட்டும். தைரொயிட் சுரப்பு கூடுவது, இரத்தச்சோகை, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சில மருந்துகள், சக்தி பானங்களில் உள்ள கஃபீன் ஆகியவையும் இதே படபடப்பைத் தரும்.

ஏன் இந்த வயதில்?

மணியை அடிக்கும் பகுதி சீக்கிரமே முழு வேகத்தில் இயங்கத் தொடங்கிவிடுகிறது. "பொறு, பார்ப்போம், இது உண்மையா?" என்று தரவைச் சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. சைரன் பூட்டியாயிற்று, எச்சரிக்கையை மீளப்பெறும் உத்தியோகத்தர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது உயிர்ப்பிரச்சினை போலத் தெரியும். அது அகம்பாவம் இல்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம். நித்திரையும் சேர்ந்துகொள்கிறது. பதின்ம வயதில் உடம்பின் கடிகாரம் பின்னுக்கு நகர்வதால் பலருக்கு இரவு பதினொன்றுக்கு முன் கண் மூடாது. தேவையோ எட்டு முதல் பத்து மணித்தியாலம். விடிய ஐந்தரைக்கு ரியூசன் வைத்தால் கணக்கு எப்படி ஒத்துவரும்? நித்திரை குறைந்த மூளையில் மணி இன்னும் சுலபமாக அடிக்கும். ஓ.எல், ஏ.எல் வகுப்புப் பிள்ளைகளிடம் வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் நித்திரையில் ஒரு மணித்தியாலத்தை மீட்டுக்கொடுப்பது பெரிய உதவி.

மரபுக்கும் பங்குண்டு. தாய் தகப்பனுக்குப் பதகளிப்பு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்புக் கூட. அதோடு பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தும் ஆபத்தைப் படிக்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்து வீடுகளுக்கு இது தனியாகப் பொருந்தும். 2006 போரில் மூதூரிலும் சம்பூரிலும் இருந்து கையில் கிடைத்ததோடு ஓடியவர்கள் இன்று பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர். அந்தக் காலத்தில் "வெளியில போகாத", "சத்தம் கேட்டா வா", "ஆரையும் நம்பாத" என்பது உயிர் காத்த அறிவுரை. 2009 இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலம் தெரியாது. ஆனால் அந்த எச்சரிக்கை மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. பின்னேரம் ஆறரைக்குப் பிள்ளை வராவிட்டால் முகம் வெளிறும் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவருடைய மணிக்கும் ஆறுதல் தேவை. பிள்ளைக்கு உதவப் போகிறவர் தன்னுடைய மணியையும் ஒருதரம் பார்ப்பது நல்லது.

இதுவரை பார்த்தது: பதகளிப்பு என்பது ஆபத்து வருமுன் அடிக்கும் எச்சரிக்கை, வலியும் படபடப்பும் அதன் உண்மையான உடல் விளைவுகள், பதின்ம வயது மூளை அதை நிறுத்த இன்னும் பழகவில்லை.

வளையம்: ஏன் அது பெரிதாகிறது

மணி அடிப்பது பிரச்சினையின் பாதிதான். மற்றப் பாதி, அடித்த பிறகு நாம் செய்வது.

கட்டில் விளிம்பில் இருந்த பிள்ளையிடம் திரும்பி வருவோம். பதகளிப்பை 0 முதல் 10 வரை அளந்தால் ஆறேகாலுக்கு அவளுக்கு 8. "இண்டைக்கு நில்லு" என்றதும் சில நிமிடத்தில் 2. மூளை இதிலிருந்து என்ன படிக்கும்? "பள்ளிக்கூடம் ஆபத்து, போகாததால் தப்பினேன்." ஒழுங்கையில் சைக்கிள் போகும்போதெல்லாம் குரைக்கும் நாயைப் பாருங்கள். சைக்கிள்காரர் தன் பாட்டில் போகிறார். நாய் நினைப்பது, தான் குரைத்ததால் போனார் என்று. மறுநாள் இன்னும் பலமாகக் குரைக்கும். பிள்ளையின் மூளையும் மறுநாள் இன்னும் முந்தி, ஐந்தே முக்காலுக்கே அடிக்கும். பிறகு ஞாயிறு பின்னேரமே தொடங்கும்.

பயந்ததை விட்டு விலகுவதற்குத் தவிர்ப்பு என்று பெயர். ஒவ்வொரு தவிர்ப்புக்கும் பரிசாக உடனடி நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிதான் வளையத்தை இறுக்குகிறது.

முழுக்கத் தவிர்க்காமல் ஒளித்துத் தவிர்ப்பதும் உண்டு. வகுப்பில் எப்போதும் கடைசி வாங்கில் இருப்பது, தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே இறங்காதது, தங்கச்சி வந்தால்தான் கடைக்குப் போவது, போனைப் பார்ப்பதுபோல நடிப்பது. இவை பாதுகாப்பு நடத்தைகள்: போனதுக்கும் போகாததுக்கும் நடுவில் ஒரு ஊன்றுகோல். பிள்ளை போய்வந்தாலும் "போத்தல் இருந்ததால் தப்பினேன்" என்றே மூளை எழுதிக்கொள்ளும்.

வீட்டார் அறியாமல் கொடுக்கும் ஊன்றுகோல், திரும்பத் திரும்பத் தரும் உறுதிமொழி. "அம்மா, நான் பெயில் ஆக மாட்டன்தானே?" "மாட்டாய்." ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி. பாசத்தில் பதினைந்து தடவை பதில் சொல்கிறோம். உப்புத் தண்ணீர் குடித்தவனுக்குத் தாகம் கூடுகிற மாதிரி, பதில் கூடக் கூடக் கேள்வியும் கூடும்.

எந்த அளவில் கவலைப்பட வேண்டும்

மூன்று கேள்விகள் போதும். காரணத்துக்கு ஒப்பிடும்போது பதகளிப்பு எவ்வளவு பெரிது? எவ்வளவு காலமாக? அன்றாட வாழ்க்கையில் எதை மறிக்கிறது? மூன்றாவதுதான் எடை கூடியது. பரீட்சைக் கிழமையில் நித்திரை குழம்புவது வழமை. பரீட்சை முடிந்தும் பல கிழமைகளாகப் பள்ளிக்கூடம், சாப்பாடு, நித்திரை, சிநேகிதர் என்று ஏதாவது ஒன்று மறிபட்டுக் கிடந்தால் உதவி தேடும் நேரம். எல்லாவற்றைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதகளிப்பை ஒரு கோளாறாகப் பெயரிட வைத்தியர்கள் ஆறு மாதக் காலத்தைக் கணக்கில் எடுப்பார்கள். உதவி கேட்க நீங்கள் ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

ஆம்பிளைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். பல பெடியன்களிடம் பதகளிப்பு எரிச்சலாகத்தான் வெளியே வரும். கதவை அடித்துச் சாத்துவான், ரியூசனுக்கு என்று சொல்லிவிட்டு உட்துறைமுகக் கரையில் குந்தியிருப்பான். "சொல் கேளான்" என்று பட்டம் சூட்டுமுன், எந்தப் பாடத்துக்கு, எந்த நாளில் இப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒழுங்கு ஒன்று தெரிந்தால் அதற்குப் பின்னால் பயம் இருக்கலாம்.

கோட்டை மான்கள்

காட்டு மான் மனிதவாடை பட்டதும் பாய்ந்துவிடும். பிரெடெரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் புள்ளிமான்களைப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஆட்கள் போகிறார்கள், ஓட்டோ ஹோன் அடிக்கிறது. காது ஒன்று மட்டும் திரும்புகிறது, வாய் அசைபோடுவதை நிறுத்துவதில்லை. (பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன என்பது வேறு கவலை.) இந்த மான்களுக்கு யாரும் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. ஆயிரம் தடவை ஆள் வந்தார், ஒன்றும் நடக்கவில்லை, மணி தானாகத் தணிந்தது.

பதகளிப்புக்கு ஆதாரம் நன்றாக உள்ள சிகிச்சையின் மையமும் இதுதான். பெயர், படிப்படியான முகங்கொடுத்தல்: பயந்ததைச் சின்னப் படிகளாக வெட்டி, கீழ்ப்படிகளில் தொடங்கி, ஓடாமல் நின்று பார்ப்பது. பழுது அனைத்தும் இதைச் செய்யும் விதத்தில்தான் வருகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

நெரிசல் பஸ்ஸில் ஒருநாள் பீதித் தாக்கம் வந்து, அதன்பின் பஸ்ஸே ஏறாத நிலாவெளிப் பிள்ளை ஒன்று என்று வைப்போம். பிள்ளையோடு இருந்து ஒரு தாளில் ஏணி எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 0 முதல் 10 வரை பதகளிப்பு எண்ணைப் போட வேண்டியவர் பிள்ளை, நீங்கள் இல்லை.

1. தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நிற்பது, ஏறாமல் (2)
2. பகல் பதினொரு மணி போல, கூட்டமில்லாத பஸ்ஸில் அம்மாவோடு சாம்பல்தீவு வரை (3)
3. அதேபோல உப்புவெளி வரை, கதவடியில் இல்லாமல் நடு இருக்கையில் (4)
4. டவுன் வரை, அம்மா வேறு இருக்கையில் (5)
5. தனியாகச் சாம்பல்தீவு வரை, அம்மா அங்கே காத்திருக்க (6)
6. தனியாக டவுன் வரை, பகலில் (7)
7. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட நெரிசலில் சிநேகிதியோடு (8)
8. காலை நெரிசலில், தனியாக, நின்றபடி (9)

தொடங்க வேண்டியது எண் 3, 4 போட்ட படிகளில். எண் 2 சுலபம், அதில் மூளை அதிகம் படிக்காது. எண் 8 இல் தொடங்கினால் முறிந்துவிடும். ஒரே படியைக் கிழமைக்கு நான்கைந்து தடவை செய்யுங்கள். கிழமைக்கு ஒரு தடவை போதாது, இடையில் பயம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அடுத்தடுத்து இரண்டு தடவை எண் ஏறக்குறையப் பாதியானால் அடுத்த படி. போகுமுன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டு எழுதுங்கள்: "மயங்கி விழுவன், எல்லாரும் சிரிப்பினம்." வந்தபின் "என்ன நடந்தது?" என்று பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டு நிரல் தாள்தான் ஏணியை விடப் பெறுமதியானது. எண் குறையாத நாளிலும் "நெஞ்சு அடிச்சது, ஆனா விழேல்ல" என்று அதில் ஏறும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி வருவது: அது மறுபடி நாய்க்குக் கிடைத்த வெற்றி. முடிந்தால் உச்சம் வடியும் வரை நிற்க வேண்டும், அதற்குத்தான் சின்னப் படி. இரண்டாவது, தகப்பன்மார் அடிக்கடி செய்வது: "ஒரேயடியா ஏத்திவிட்டா சரியாகும்" என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவது. தண்ணீருக்குப் பயந்த பிள்ளையைத் தூக்கிக் கடலில் போட்டால் அது நீந்தப் பழகாது, உங்களை நம்பாமல் விடப் பழகும். மூன்றாவது, ஊன்றுகோலைக் கழற்ற மறப்பது. எட்டாம் படி வரை ஏறியும் காதில் ஹெட்செட், கையில் போத்தல், போனில் அம்மா என்றால் ஏணி இன்னும் முடியவில்லை.

மூச்சு: சரியாகச் செய்தால் மட்டும்

எல்லாரும் சொல்வது, "ஆழமா மூச்செடு." பதகளிப்பவர் ஏற்கெனவே அதிகம் எடுக்கிறார் என்று பார்த்தோம். நெஞ்சை நிமிர்த்தி இன்னும் பெரிதாக இழுத்தால் தலைசுற்றுக் கூடும். மாற்ற வேண்டியது வெளிமூச்சை. மூக்கால் நான்கு எண்ணும் வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வயிற்றில் வைத்த கை எழும்ப வேண்டும், நெஞ்சில் வைத்த கை அசையக்கூடாது. பொலித்தீன் பையோ கடதாசிப் பையோ முகத்தில் வைக்க வேண்டாம்.

காலையும் படுக்கப் போகும்போதும் ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். புயல் அடிக்கும்போது நங்கூரக் கயிறு திரிக்க முடியாது. பயத்தை ஒழிக்கும் மந்திரமாகவும் இதைக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் இதுவும் ஒரு ஊன்றுகோலாகும். நின்று பார்க்க உதவும் கைப்பிடி, அவ்வளவே.

வாயில் வரும் சொற்கள்

"இதுக்கெல்லாம் பயமா?", "உன்ர வயசில நாங்கள் பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்" இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டாவது உண்மைதான். ஆனால் பிள்ளைக்குக் கேட்பது "உனக்குப் பயப்பட உரிமை இல்லை" என்பது மட்டும்.

வேலை செய்யும் வசனத்தில் இரண்டு பகுதி இருக்கும்: பயம் உண்மை என்ற ஒப்புதல், உன்னால் முடியும் என்ற நம்பிக்கை. "வயிறு நோகுது எண்டு தெரியுது மகள். நோவோடயே வெளிக்கிடுவம், வாசல் வரைக்கும் நான் வாறன்." ஒப்புதல் மட்டும் தந்தால் வீட்டில் நிற்பாள். நம்பிக்கை மட்டும் தந்தால் ஏச்சாகக் கேட்கும்.

உறுதிமொழிக் கேள்விக்கு, பிள்ளையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யுங்கள்: ஒரு தடவை பதில், அதற்கு மேல் "இதுக்கு நான் என்ன சொல்லுவன்?" என்று திருப்பிக் கேட்பேன். முதல் சில நாட்கள் கேள்வி கூடும், கோபமும் வரும். அதைத் தாண்டினால் குறையும். அம்மா இறுக்கமாக இருக்க, அம்மம்மாவோ கிண்ணியாவில் பெரியும்மாவோ பின்கதவால் உறுதிமொழி கொடுத்தால் இது நடக்காது. வீடு முழுக்க ஒரே பேச்சாக இருக்க வேண்டும்.

நூல் கட்டுவதும், ஓதிப் பார்ப்பதும், கோயிலில் அர்ச்சனை செய்வதும் பிள்ளைக்கு ஆறுதல் தருமென்றால் தடுக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: அதற்காக மாதக்கணக்கில் சிகிச்சை பிந்தக்கூடாது, பயமுறுத்தும் சடங்கு எதுவும் கூடாது.

பள்ளிக்கூடத்தோடு

வகுப்பாசிரியரோடும், இருந்தால் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரோடும் கதையுங்கள். கேட்க வேண்டியது சலுகை இல்லை, படி. வாய்மூலம் பதில் சொல்லப் பயந்த பிள்ளையை "இனிக் கேட்கவே மாட்டன்" என்று விடுவது தவிர்ப்பு. "நாளைக்கு இந்தக் கேள்வியைத்தான் கேட்பன், ஆயத்தமா வா" என்று முதல்நாளே சொல்வது படி.

நெடுநாள் போகாத பிள்ளைக்கு: முதல் மூன்று நாள் முதல் இரண்டு பாடம், பிறகு இடைவேளை வரை, பிறகு முழுநாள். முழுநாள் போய் ஒரு கிழமை விழுவதை விட இது மேல். வீட்டில் நிற்கும் நாளில் வீடு சொர்க்கமாக இருக்கக்கூடாது. பள்ளி நேரம் முடியும் வரை போனும் டீவியும் இல்லை, பாடக் கொப்பிதான். இது தண்டனை இல்லை, நாய்க்குப் பரிசு கொடுக்காதிருப்பது. வகுப்பில் யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா, ரியூசனில் யாராவது தொடுகிறார்களா என்பதையும் முதலிலேயே தனியாக, மெதுவாகக் கேளுங்கள். உண்மையான ஆபத்து இருந்தால் மணி சரியாகத்தான் அடிக்கிறது. அங்கே ஏணி வேண்டாம், பாதுகாப்பு வேண்டும். சிறுவருக்கான உதவி இலக்கம் 1929.

வைத்தியர், குளிசை, அவசரம்

திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். உளவளத்துணை என்பது அறிவுரை சொல்வதல்ல, பயிற்சி பெற்றவர் பிள்ளையோடு இருந்து, பிள்ளையே வழி கண்டுபிடிக்க உதவுவது. முதல் நாள் போகும்போது அந்த இரண்டு நிரல் தாளையும், எந்த நாள், எத்தனை மணி, என்ன நடந்தது என்று இரண்டு கிழமைக் குறிப்பையும் கொண்டுபோங்கள். பதட்டத்தில் பாதி மறந்துவிடும். பிள்ளை வைத்தியரோடு தனியாகக் கதைக்கக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள்.

எல்லாருக்கும் மருந்து வேண்டியதில்லை. தேவைப்பட்டால் செர்ட்ரலின், ஃபுளுஒக்செட்டின் போன்றவற்றை வைத்தியர் தரலாம். இவை பனடோல் மாதிரி இல்லை. பலன் தெரியச் சில கிழமை பிடிக்கும், திடீரென்று நிறுத்தக்கூடாது. தொடங்கிய முதல் கிழமைகளில் பிள்ளையின் மனநிலையை வீட்டார் கவனமாகப் பார்க்க வேண்டும், புதிதாக அமைதியின்மையோ சாகும் நினைப்போ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவருக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது நடக்கிறது. டயசிபாம் போன்றவை அப்போதைக்கு அமர்த்தும், பழக்கமாகும், ஏணியில் படித்ததையும் மங்கச் செய்யும்.

பிள்ளை தன்னை வெட்டிக்கொண்டாலோ, "நான் இல்லாட்டி நல்லம்" என்று சொன்னாலோ நேரடியாகக் கேளுங்கள்: "சாக வேணும் எண்டு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த நினைப்பு உண்டாகாது. சொல்ல ஒரு வாசல் திறக்கும். குளிசைகளையும் தோட்டத்து நஞ்சையும் பூட்டுங்கள், தனியாக விடாதீர்கள், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அம்புலன்சுக்கு 1990.

திரும்பி வரும் நாட்கள்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை தவணை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். காய்ச்சல், நீண்ட விடுமுறை, பரீட்சைப் பெறுபேறு, வீட்டில் ஒரு சாவு எல்லாம் மணியை மறுபடி கூர்மையாக்கும். "எல்லாம் வீணாப் போச்சு" என்று அவளுக்கு முன்னால் சொல்லாதீர்கள். பழைய தாளை எடுங்கள், அவள் நின்ற படியிலிருந்து இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். ஒருதரம் ஏறிய ஏணியில் இரண்டாம் தரம் ஏறுவது பெரும்பாலும் சுறுக்காகவே நடக்கும். விடுமுறைக் காலத்திலும் கிழமைக்கு இரண்டு தடவை பஸ் ஏறவைத்தால் அந்தத் திங்கட்கிழமைக்கு இறங்க வேண்டிய படியும் குறைவு.